பக்கத்தில் நின்ற பண்பாளருக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பண்பாளர்களை வாழ்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதக்கம் வாங்கியவர்களை வாழ்த்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். துப்பாக்கி சுடும் இடத்தில் பக்கத்திலேயே நின்று, நடக்கக் கூடாதது நடப்பதைக் கண்ணால் கண்டு, வாய் திறக்காமல் வீடு திரும்பும் உங்களை வாழ்த்த ஆளில்லை. நான் வாழ்த்துகிறேன். உங்களிடம் இருப்பவை உண்மையான நற்குணங்கள்: பொறுமை, பணிவு, பிறர் மனம் நோகக் கூடாது என்ற எண்ணம். அந்தக் குணங்கள் எவ்வளவு தூரம் போய் எட்டுகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாழ்த்து முழுமையாகும்.

நம் பக்கத்தில் எல்லோர் கைக்கும் துப்பாக்கி வருவதில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகளுக்கு முகாமில் ஒருநாள் வருகிறது. காவல்துறையில் சேர்ந்தவர்களுக்கு வருகிறது. வங்கி வாசலில் காவல் நிற்கும் முன்னாள் ராணுவத்தாரிடம் இருக்கிறது. ஏரிக்கரையில் ஏர்கன்னோடு திரிகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் யாராவது ஒருவர் நிற்கிறார். அவர் நண்பராக இருக்கலாம், உடன் வந்த ஆசிரியராக இருக்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவராகவும் இருக்கலாம். உங்களைத்தான் சொல்கிறேன், ஐயா.

முதலில் உங்கள் பொறுமை. என்.சி.சி. பிள்ளைகள் சுடுவது பாயிண்ட் 22 ரைபிளில். இலக்கு 25 மீட்டரில் இருக்கும். தரையில் படுத்து, தோளில் கட்டையை அண்டக் கொடுத்து, ஐந்து தோட்டா சுட வேண்டும். மூன்றாவது தோட்டாவில் விசையை இழுக்கிறான் பையன்; சத்தம் வரவில்லை. தோட்டா வெடிக்கவில்லை. அந்த நிமிடத்தில் பிள்ளைகள் செய்வது என்ன என்று இந்தப் பயிற்சியைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். படுத்தபடியே உடம்பைத் திருப்பி, துப்பாக்கியையும் கூடவே திருப்பி, "சார், சுடல சார்" என்று பின்னால் நிற்பவரிடம் காட்டுவார்கள். முனை இலக்கை விட்டு நகர்ந்து, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளின் தலைகளைக் கடந்து, பின்னால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் ஒரு சுற்று வந்து நிற்கும். வெடிக்காத தோட்டா சில நொடி கழித்து வெடிப்பது உண்டு. அதனால்தான் முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடியாவது காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அந்த ஒரு சுற்றில் நீங்கள் என்ன செய்தீர்கள்? தலையைச் சற்றே குனிந்துகொண்டீர்கள். பக்கத்திலிருந்த பெண்ணும் குனிந்தாள். அவளுக்கு அடுத்திருந்தவர் அரை அடி நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் கத்தவில்லை. பையன் எல்லோர் முன்னாலும் வெட்கப்பட்டுப் போகக் கூடாதே என்ற கருணை அது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனம் நோகாமல் காத்ததற்காக உங்களை வாழ்த்துகிறேன். அந்தக் கருணையினால்தான் அந்தப் பையன், முனையைத் திருப்புவது ஒரு குற்றமே இல்லை என்று படித்துக்கொண்டு வீடு போனான். வேலைக்குப் போய் இன்னும் பெரிய துப்பாக்கியைத் தூக்கும்போதும் அதே பாடம் அவனிடம் இருக்கும். ஒரு சொல்லும் பேசாமல் ஆயுளுக்கும் மறக்காத பாடத்தை நடத்துவது எளிதல்ல. நீங்கள் நடத்தினீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. 25 மீட்டரில் இலக்கு வைத்துச் சுடும் அந்தச் சின்ன ரைபிளின் தோட்டா 1,700 கஜம் வரை போகும் என்று என்.சி.சி. பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். அதைத் தடுத்து நிறுத்துவது இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு. அதை 'பட்' என்பார்கள். முனை ஒரே ஒரு பாகை உயர்ந்தால் 25 மீட்டரில் தோட்டா 44 சென்டிமீட்டர் மேலே போகும், மேட்டில்தான் படும். ஐந்து பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 2.2 மீட்டர் மேலே. சிரிப்பில் ஒரு தோள் குலுங்கினால் போதும், அந்த ஐந்து பாகை வந்துவிடும். மேட்டைத் தாண்டிய தோட்டாவுக்கு அதன் பிறகு வயலும் ஒன்றுதான், களத்துமேடும் ஒன்றுதான், பள்ளிக்கூடமும் ஒன்றுதான். ஆகையால் உங்கள் மௌனத்தை உங்கள் பக்கத்திலிருந்தவர்களுக்கு மட்டும் செய்த உபகாரமாக நான் கருதவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த, உங்களை ஒருநாளும் பார்த்திராத குடும்பத்துக்கும் அது போய்ச் சேரக்கூடியது.

அடுத்து உங்கள் பணிவு. விழா என்றால் நம் ஊரில் சிறப்பு விருந்தினர் வேண்டும். அவருக்குப் பொன்னாடை போர்த்திய பிறகு, "ஐயா முதல் ரவுண்டு சுட்டுத் தொடங்கி வைக்கணும்" என்பார்கள். ஐயா துப்பாக்கியை வாங்குகிறார். வாங்கிய நொடியே அவருடைய ஆட்காட்டி விரல் விசையின் மேல் போய் உட்காருகிறது. பழகாத எல்லோருக்கும் அப்படித்தான் உட்காரும், அதில் அவர் மேல் தவறில்லை. புகைப்படக்காரருக்கு முகம் தெரிய வேண்டும். அதனால் சுடும் கோட்டைத் தாண்டி, இலக்குக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய்ப் புகைப்படக்காரர் நிற்கிறார். "ஐயா, இந்தப் பக்கம் பாருங்க" என்கிறார். ஐயா பார்க்கிறார். பார்வை போகும் பக்கம் முனையும் போகிறது.

சுற்றிலும் நாற்பது பேர். சீருடை போட்டவர்கள் பாதிப் பேர். துப்பாக்கியைப் பிடிக்கும் முறையை வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒருவரும் "விரலை எடுங்க ஐயா" என்று சொல்லவில்லை. "அவ்ளோ பெரிய மனுஷன்கிட்ட நாம போயி எப்பிடிப்பா சொல்றது" என்று பிறகு டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர்களைப் பெரியவர்களாக மதிக்கும் இந்தக் குணம் நம் மண்ணில் ஆழமாக வேர்விட்டது. அதை நான் மனமாரப் போற்றுகிறேன். பெரிய மனிதர் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு புகைப்படக்காரரைக் கொல்ல நேர்ந்தாலும் நேரட்டும், திருத்தப்பட்டார் என்ற சிறுமை மட்டும் அவருக்கு வந்துவிடக் கூடாது என்று காத்தீர்களே, அதைவிடப் பெரிய மரியாதை எது?

இந்தக் குணம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒயிட் ஹில்ஸ் என்ற இடத்தில், சுற்றுலாப் பயணிகள் காசு கட்டிச் சுடும் களம் ஒன்றில், 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் உஸி (Uzi) என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். முதலில் ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டாள். பிறகு தொடர்ந்து சுடும் நிலைக்கு மாற்றிக் கொடுத்தார் பயிற்சியாளர். உதைப்பைத் தாங்க அந்தப் பிஞ்சுக் கைகளால் முடியவில்லை. துப்பாக்கி மேலேறி இடப்பக்கம் திரும்பியது. அங்கேதான் பயிற்சியாளர் நின்றிருந்தார். அவர் உயிர் பிழைக்கவில்லை. பெற்றோர் பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். களத்துக்காரருக்கு எல்லாம் தெரியும், நாம் குறுக்கே பேசலாமா என்று தாயும் தகப்பனும் நினைப்பது இயற்கை. அந்தச் சிறுமி வாழ்நாள் முழுதும் தூக்கிச் சுமக்கப் போவதும் அந்த இயற்கையைத்தான்.

நீங்கள் சட்டத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். கல்யாண ஊர்வலத்தில் மகிழ்ச்சிக்காகச் சுடுவதும், பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுடுவதும் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்று அதில் சேர்த்தார்கள். குற்றம் சுட்டவர் மேல் வரும். பக்கத்தில் கைகட்டி நின்றவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. எந்தத் தாளிலும் உங்கள் பெயர் வராது. தூய்மையான கைகள் என்று இவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டரைக் காட்ட, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும். அங்கே அம்மாசத்திரம் பக்கத்தில், பசுமலைப்பட்டியில் காவல்துறையின் சுடுதளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 காலையில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை செய்து பார்த்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். சுடுதளத்தை நிரந்தரமாக மூடு என்று ஊரார் சாலையில் உட்கார்ந்தார்கள்.

அங்கே எது தவறியது, யார் பொறுப்பு என்பதெல்லாம் விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்தார்கள். பார்த்துவிட்டு வாய்மூடி நின்றவர் அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தூரம்தான் நெஞ்சில் தைக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது நம் ஊரில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். விழுப்புரத்தில் காகுப்பம் பக்கம் ஒரு மைதானத்தில் நின்றால் அந்தத் தூரத்துக்குள் எத்தனை தெரு, எத்தனை பள்ளி, எத்தனை திண்ணை. திண்டிவனத்தில் எந்த இடத்தில் நின்று கையை நீட்டினாலும் அந்தத் தூரத்துக்குள் ஒரு குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சிறுவன் போன செய்தியைப் படித்த அன்று நீங்களும் கலங்கினீர்கள், எனக்குத் தெரியும். "யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டீர்கள். அந்த "யாராவது" யார் என்று உங்களை நான் கேட்கவில்லை. உங்களைப் போலவே எனக்கும் பிறர் மனம் நோகக் கூடாது.

துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகவே வாழ்கிறவர்கள் கொஞ்சம் முரட்டு ஆட்கள். நம் கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஆடும் ஆட்டத்துக்கு விதி வகுக்கும் சர்வதேசக் கூட்டமைப்பைப் பாருங்கள். ஆபத்தான எதையாவது கண்டால் வீரரும் அணியோடு வந்தவரும் அதை உடனே களப்பொறுப்பாளரிடமோ நடுவரிடமோ தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. தெரிவிக்கலாம் என்றுகூட எழுதவில்லை. சுட்டு முடித்த துப்பாக்கியின் அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கொடியைச் செருகி, உள்ளே தோட்டா இல்லை என்று நாலு பேருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். எல்லாத் துப்பாக்கியிலும் அந்தக் கொடி ஏறும் வரை கோட்டைத் தாண்டி ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது. உலகச் சாம்பியனாகவே இருக்கட்டும், பக்கத்தில் நிற்பவர் சொன்னதைக் கேட்டுக் களப்பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அங்கே அதை அவமானமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நம்மிடம் இருக்கும் நாசூக்கு அவர்களிடம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் தலை தப்பியது முக்கியம் என்று நினைக்கிறார்கள்.

வானூர், திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரிகளிலும் இந்த நாசூக்கு கிடையாது. வெடி வைக்கும் நேரத்தில் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பாதையை மறிப்பவன் தினக்கூலிக்காரன். வருகிற வண்டி முதலாளியுடையதாகவே இருந்தாலும் கையை நீட்டி நிறுத்துவான். "யோவ், நில்லு, வெடி போவுது" என்று கத்துவான். முதலாளியும் நிற்பார். கத்தியதற்காக அவனை யாரும் மரியாதை கெட்டவன் என்று சொன்னதில்லை. அந்தக் கூலியாளுக்கு வாய்த்த உரிமை, படித்துப் பட்டம் வாங்கி முகாமுக்கு வந்த நமக்கு வாய்க்கவில்லை என்றால் அது நம் பண்பாட்டின் உயரம்.

உங்கள் நட்புக்கும் ஒரு பாராட்டு இருக்கிறது. சுட்டு முடிந்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். கொடுத்த கணக்கும் திரும்பி வந்த கணக்கும் ஒத்துப்போக வேண்டும். என்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நண்பன் ஒரு உறையை, சில நேரம் வெடிக்காத தோட்டாவையே, ஞாபகத்துக்கென்று சட்டைப்பையில் போடுவதை நீங்கள் பார்த்தீர்கள். காட்டிக்கொடுக்கவில்லை. நட்பு என்றால் அப்படித்தான். அந்தத் தோட்டா அவன் வீட்டு அலமாரியில் இருக்கும். அவனுடைய தங்கை பிள்ளை ஒருநாள் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் அனுமந்தபுரம் சுடுதளம் இருக்கிறது. வெடிக்காமல் கிடந்த குண்டைப் பழைய இரும்பு என்று எடுத்துப் பிரித்து உயிர்விட்டவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. அவர்கள் எடுத்ததையும் பார்த்த கண்கள் இருந்திருக்கும். அவற்றுக்கும் நட்பு பெரிதாக இருந்திருக்கும்.

கழுவெளியைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த உவர்நீர்ப் பரப்பில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். நார்த்தாமலைச் சிறுவன் அடிபட்ட அதே மாதம். கண்டம் தாண்டி வரும் பறவைகளுக்கு அங்கே சட்டத்தின் காவல் உண்டு. சட்டத்தின் காவலைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போவது உங்களால்தான். குறைந்த திறன் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. பங்காளி மகன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் போகிறான். வரும்போது பையில் கனம் இருக்கிறது. "நமக்கு இன்னாத்துக்குப்பா பொல்லாப்பு, சொந்தக்காரன் ஆச்சே" என்று கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். உறவைக் காத்தீர்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் வேறு வழி கண்டார்கள். ஏர்கன்களை ஒப்படையுங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வேட்டை பரம்பரையாக வந்த ஊர்களிலேயே ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொடுத்தவர்களைக் கூட்டத்தில் பாராட்டினார்கள்.

இரங்கலில் நமக்கு ஈடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சாவு விழுந்தால் மறுநாள் காலைக்குள் விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் எழும்பிவிடும். கீழே இருபது பேர் படம், இருபது பேர் பெயர். அன்று "முனையைத் திருப்பாதே" என்று இரண்டு சொல் சொல்ல நேரமில்லாமல் போன நீங்கள், இந்தப் பேனருக்கு அச்சகத்தில் உட்கார்ந்து பத்து வரி எழுதிக் கொடுக்கிறீர்கள். பணமும் கொடுக்கிறீர்கள். குழந்தையின் தகப்பனைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். அந்த அழுகை பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வாழ்த்தை எழுத எனக்கு வலிப்பதும் அதனால்தான். கல்நெஞ்சக்காரர்களாக இருந்தால் உங்களை விட்டுவிடலாம். நீங்கள் நல்லவர்கள்.

நம் மாவட்டத்தில் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டா போடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், துப்பாக்கியைத் தொட விடுவதற்கும் முன்னால், "ஸ்டாப்" என்று கத்தச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுந்து நின்று, முழுத் தொண்டையில், மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி ஒருமுறை கத்தட்டும். சுடு என்ற உத்தரவைப் பொறுப்பாளர் ஒருவர்தான் கொடுக்கலாம். நிறுத்து என்பதை எந்தப் பிள்ளையும் சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும் என்று முதல் நாளே அறிவியுங்கள். பெண்பிள்ளைகளை இரண்டு முறை கத்தச் சொல்லுங்கள். வீட்டில் அவர்களைக் குரல் இறக்கியே பேசப் பழக்கியிருக்கிறோம். பிறகு பொறுப்பாளரே வேண்டுமென்று விரலை விசையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கட்டும். எந்தப் பிள்ளை முதலில் "சார், விரல்!" என்று கத்துகிறதோ அதற்கு அன்றைய முதல் பரிசு. தவறாகக் கத்திய பிள்ளையையும் திட்ட வேண்டாம். நின்று, பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். போவது அரை நிமிடம்.

பண்பாளரே, நீங்களும் அன்று வர வேண்டும். சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். துப்பாக்கியை அவர் கையில் கொடுக்கும்போது அவருக்கு மிக அருகில் இருக்கப் போவது நீங்கள்தான். "ஐயா, விரலை வெளியில வச்சுக்குங்க, முனை அந்த மேட்டுப் பக்கமே இருக்கட்டும்." இவ்வளவுதான் வாசகம். இதில் மரியாதைக் குறைவாக ஒரு எழுத்தும் இல்லை. வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.